கொண்டி போட்டாச்சு

அன்புள்ள அக்காவுக்கு, தங்கை எழுதுவது.

உன் கடிதம் வந்தது. அத்தானுக்கு முட்டியில் மறுபடி ஊசி போட்டதாக எழுதியிருந்தாய். கொஞ்ச நாளைக்கு மாடிப்படி ஏறவிடாதே. ஆபரேஷன் ஆன மனுஷனைத் தனியே விட்டுவிட்டு நீ எப்படி வருவாய். வர முடியலையே என்று நாலு பக்கத்துக்கு அழுதிருக்கிறாய். வந்திருந்தாலும் என் பிள்ளை முகத்தைப் பார்த்திருக்க முடியாது. அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்.

எப்படி ஆச்சு என்று போனில் நீ கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். ஒரு தடவைதான் எழுதுவேன், திரும்பக் கேட்காதே.

நீ இந்த வீட்டைப் பார்த்ததில்லை. சலவைக் கொட்டகையின் முதுகில் ஒட்டின மாதிரி ரெண்டு அறை. சமையலறைக்குப் பின்னால் கொட்டகையின் முற்றம். நடுவில் ஒரு அரைக்கதவு, என் நெஞ்சு உயரம். அதன் தலையில் இரும்புக் கொண்டி. உள்ளே நின்றும் போடலாம், வெளியே நின்றும் போடலாம். மகள் வாயாடிக்கு ஏழு வயது, நுனிக்காலில் நின்றால் எட்டும். சின்னவன் பொட்டலத்துக்கு மூன்றுகூட முடியவில்லை, எட்டாது. கதவைத் தாண்டி ஆறு எட்டு வைத்தால் ஊறல் தொட்டி. ஓட்டல் விரிப்பு, ஆஸ்பத்திரி விரிப்பு எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுகிற தொட்டி. தரையோடு தரையாக இருக்கும். என் இடுப்பு ஆழம்.

அதனால் கொட்டகை மேஸ்திரியம்மா ஒரு வழக்கம் வைத்திருந்தார். யார் அந்தக் கதவைத் தாண்டினாலும் கொண்டியைப் போட்டுவிட்டு, போட்டாச்சு என்று கத்த வேண்டும். உள்ளே இருக்கிறவர்கள் சரி என்று கத்த வேண்டும். பொட்டலம்கூட அதைப் பிடித்துக்கொண்டான். டப்பாவை மூடினால் தாச்சு, செருப்பை மாட்டினால் தாச்சு, ஒண்ணுக்குப் போய்விட்டு வந்தாலும் தாச்சு. கொட்டகையே சிரிக்கும்.

அன்று பள்ளிக்கூடம் லீவு. குழந்தைகள் வீட்டில் இருக்கிற நாளில் கறைத் துணியை நான் உள்ளே கொண்டுவந்து சமையலறைக் குழாயடியில் தேய்ப்பேன். தேய்த்ததை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டகையில் போட்டு வருவேன். அன்றைக்கென்று ரெண்டு நாள் துணி ஒன்றாக வந்துவிட்டது. வாயாடி கொடியில் காய்ந்த தன் கவுனை எடுக்க வெளியே போய் வந்தாள். போட்டாச்சு என்றாள். நான் சரி என்றேன். அதற்கப்புறம் நானும் ஒரு தரமோ ரெண்டு தரமோ போனேன், வந்தேன். வேலை அப்படி. ஆனால் நான் ஒன்பது வருஷமாக அந்தக் கொண்டியைப் போடுகிறவள்.

பிறகு அவன் எங்கே என்று தேடினோம். கதவு திறந்து ஆடிக்கொண்டிருந்தது. தொட்டி நிறைய வெள்ளை விரிப்பு. அவன் போட்டிருந்ததும் வெள்ளைச் சட்டை. விரிப்பு என்று நினைத்துத்தான் இழுத்தேன் அக்கா. கனமாக வந்தது.

அவ்வளவுதான் நடந்தது.

எல்லோரும் கூடி அழுதுகொண்டிருக்கும்போதே நான் வாயாடியின் தோளைப் பிடித்துக் கேட்டேன், கொண்டி போட்டியா என்று. போட்டேன்மா என்றாள். நிச்சயமா போட்டியா என்றேன். போட்டேன்னு நினைக்கிறேன் என்றாள். நினைக்கிறியா, போட்டியா, ரெண்டில் ஒண்ணு சொல் என்று உலுக்கினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்பா முகத்தைப் பார்த்தாள். போடலை என்றாள். அவள் வாயாலேயே சொன்னாள். நான் சொல்லவைக்கவில்லை.

அவளை அடித்தேனா என்று கேட்பாய். ஒரு அடி அடிக்கவில்லை. போன வருஷம் பள்ளியில் பெற்றோரை எல்லாம் கூப்பிட்டு அவள் டீச்சர் பேசினாள். குழந்தையை அடிக்காதீங்க, திட்டாதீங்க, தப்பு செஞ்சா யாருக்குச் செஞ்சதோ அவங்க முன்னாலே நிறுத்தி மூணு வார்த்தை சொல்லச் சொல்லுங்க என்றாள். நான் என்ன செஞ்சேன், அதனாலே யாருக்கு என்ன ஆச்சு, இனிமே நான் என்ன செய்வேன். இந்த மூணையும் சொல்லப் பழகினா தன் பேச்சுக்கும் செய்கைக்கும் தானே பொறுப்புன்னு குழந்தைக்குப் புரியும் என்றாள். அஞ்சாவதோடு நின்றவள் நான். எனக்கு அது பெரிய படிப்பாகத் தெரிந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் சட்டம்.

சிரிக்கிற மாதிரிகூட நடந்திருக்கிறது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் இவள், உங்க வாய் சாக்கடை மாதிரி நாறுது என்று சொல்லிவிட்டாள். கொண்டுபோய் நிறுத்தினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னாள், நான் உங்க வாய் நாறுதுன்னு சொன்னேன், அதனாலே உங்க மனசு நொந்துபோச்சு, இனிமே நான் மூக்கைப் பொத்திக்குவேன் என்று. அந்தம்மா ஊசியை விழுங்கிவிடுகிற மாதிரி சிரித்தாள்.

இப்போது துக்கம் கேட்க வருகிறவர்கள் முன்னால் அவளை நிறுத்துகிறேன். எல்லோர் முன்னாலும். மேஸ்திரியம்மா, தையல்காரம்மா, என் வீட்டுக்காரர் கூட லாரி ஓட்டுகிறவர்கள், எதிர்வீட்டு மாடிக்காரர்கள். வந்து உட்கார்ந்ததும் கூப்பிடுவேன். வந்து நிற்பாள். நான் கொண்டி போடலை, அதனாலே என் தம்பி செத்துப்போயிட்டான் என்பாள். மூன்றாவதுக்கு நின்றுவிடுவாள். முதல் நாள், இனிமே மறக்காம கொண்டி போடுவேன் என்றாள். யாருக்காகப் போடுவே என்று கேட்டேன். அப்படியே நின்றாள், வந்தவர்கள் எழுந்து போகிறவரைக்கும். விடும்மா, பச்சைப் புள்ளை என்று மேஸ்திரியம்மா என் கையைப் பிடித்தார். பச்சைப் புள்ளைதான் போயிடுச்சு, இது நிக்கட்டும் என்றேன்.

இவள் அப்பா இவளோடு பேசுவதில்லை. ரெண்டு நாள் ஓட்டம், ஒரு நாள் வீடு. வீட்டில் இருக்கிற நாளும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறார். முன்பு லாரிச் சத்தம் கேட்டதும் இவள் தெருமுனைக்கு ஓடுவாள், தோளில் தூக்கிக்கொண்டு வருவார். போன வாரமும் ஓடினாள். அவர் அவளைத் தாண்டி வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார்.

எனக்குக் கை முழுக்கச் சோப்புப் புண். எழுத்து கோணலாக இருந்தால் படித்துக்கொள். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை

அன்புள்ள அக்கா,

நீ கோபமாக எழுதின கடிதத்தை ரெண்டு தரம் படித்தேன். பெத்த பிள்ளையை ஊர் முன்னால் நிறுத்தாதே, நீ மனுஷியா என்று கேட்டிருக்கிறாய். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் நீ, கேட்க உனக்கு உரிமை உண்டு. நான் பொய் சொன்னதற்கு நீ கரண்டியைச் சுட வைத்து என் உள்ளங்கையில் வைத்தாயே, அது ஞாபகம் இருக்கிறதா. அப்போது எனக்கு இவள் வயசுதான் இருக்கும். நான் சூடு வைக்கவில்லை. வாயால் சொல்லத்தான் சொல்கிறேன்.

கோபப்படாதே. சொல்ல வேறு ஆளில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

மூன்றாவது வார்த்தையை அவளே கண்டுபிடித்துவிட்டாள். அவருடைய முதலாளி வீட்டம்மா வந்திருந்தார். இவள் வந்து நின்று முதல் ரெண்டையும் சொன்னாள். கொஞ்சம் யோசித்து, இனிமே நான் பேச மாட்டேன் என்றாள். அந்தம்மா, ஐயோ அப்படிச் சொல்லாதேடி கண்ணு என்று இழுத்து அணைக்கப் போனார். நான், சரி, அதையாவது செய் என்றேன்.

செய்கிறாள் அக்கா. சொன்னால் செய்ய வேண்டும் என்று நான்தானே பழக்கினேன். தூக்கத்தில்கூட வாய் ஓயாதவள், சோற்றைப் பிசைந்துகொண்டே கதை சொல்கிறவள், இப்போது தலையை ஆட்டுகிறாள், கையைக் காட்டுகிறாள். பசித்தால் தட்டை எடுத்து என் முன்னால் வைக்கிறாள். வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்கிறது. இத்தனை நாள் அது சொட்டுவதே எனக்குத் தெரியாது. வாயாடி என்று கூப்பிட எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை, அதனால் கூப்பிடுவதில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று எண்ண முடியாது, எழுந்து போய்க் கொண்டியைத் தொட்டுப் பார்க்கிறாள். போட்டிருக்கும். எடுத்துவிட்டு மறுபடி போடுவாள். ஆள்காட்டி விரல் தோல் உரிந்துவிட்டது. மருந்து தடவினேன். தடவும்போது கையை இழுத்துக்கொள்ளவில்லை, என்னைப் பார்க்கவுமில்லை.

போன வியாழக்கிழமை டீச்சர் கூப்பிட்டனுப்பினாள். வேலையில் சொல்லிவிட்டுப் போனேன். சின்ன நாற்காலியில் என்னை உட்காரவைத்தாள், முழங்கால் மூக்கில் இடித்தது. டீச்சர் சொன்னது இது. வகுப்பில் இவள் பேசுவதே இல்லை. ஆனால் யாராவது தப்பு செய்து, யார் செஞ்சது என்று கேட்டால் மட்டும் எழுந்து, நான்தான் என்கிறாளாம். சாக்பீஸ் டப்பாவைக் கவிழ்த்தது யார் என்றால் நான்தான். பெஞ்சை நனைத்தது யார் என்றால் நான்தான். மற்ற பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எது உடைந்தாலும், வாயாடியைக் கூப்பிடு, ஒத்துக்குவா என்று சிரிக்கிறார்களாம். ஒருத்தி தன் பென்சிலைத் தானே உடைத்துவிட்டு இவள் முன்னால் கொண்டுவந்து வைத்தாளாம். இவள் எழுந்து நின்றாளாம்.

அதற்கு மேலே ஒன்று சொன்னாள். திங்கட்கிழமை யாரோ கல்லெறிந்து ஜன்னல் கண்ணாடி உடைந்தது. செவ்வாய்க்கிழமை கேட்டபோது இவள் எழுந்து மூன்று வார்த்தையும் சொன்னாளாம். திங்கட்கிழமை அவள் ஸ்கூலுக்கே வரலையேம்மா, காய்ச்சல்னு நீங்கதானே சொல்லி அனுப்பினீங்க என்றாள் டீச்சர்.

எனக்கு ஆத்திரம் வந்தது. ஏன் வந்தது என்று இப்போது கேட்காதே. பொறுப்பு ஏத்துக்கறது நல்ல குணம்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, இப்போ ஏத்துக்கிட்டாலும் தப்பா என்றேன். அவள் சின்னப் பெண், இருபத்தைந்து இருக்கும். கண் கலங்கிவிட்டது. செஞ்சதுக்கும்மா, அவ செஞ்சதுக்கு மட்டும் என்றாள். பிறகு, இங்க் கொட்டினதுக்கும் கிள்ளினதுக்கும் நான் சொன்னதும்மா அது, இதுக்கு இல்லே, யாராவது ஒருத்தர் அவகிட்ட அது உன் தப்பு இல்லேன்னு சொல்லணும், அம்மாதான் சொல்லணும் என்றாள்.

நான் எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் இவள் என் பின்னால் ரெண்டடி தள்ளியே நடந்து வந்தாள். கையைப் பிடிக்க நான் நீட்டவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவரிடம் பள்ளியில் கூப்பிட்ட விஷயத்தைச் சொன்னேன். எவளைப் பத்தி என்றார். உங்க மகளைப் பத்தி என்றேன். எனக்கு ஒரு மகன் இருந்தான் என்றார். இவள் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தாள். கோத்துக்கொண்டே இருந்தாள்.

அத்தான் இப்போது கோலில்லாமல் நடக்கிறாரா. எழுது.

உன் தங்கை

அக்கா,

இந்தக் கடிதத்தை அத்தானுக்குக் காட்டாதே.

ஊறல் தொட்டிக்கு இப்போது பலகை மூடி போட்டுவிட்டார்கள். ஆனாலும் போட்டாச்சு சொல்கிற வழக்கம் நிற்கவில்லை. போன சனிக்கிழமை காலை, கொட்டகைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் கறைத் துணி வாங்கிக்கொண்டு போக என் வீட்டுக்கு வந்தாள். பத்தொன்பது வயது இருக்கும். ரெண்டு கையிலும் ஈரத் துணியை அள்ளி, தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கதவை இடுப்பால் தள்ளிப் போனாள். போகிற வேகத்தில் திரும்பாமலே போட்டாச்சு என்றாள். கதவு அவள் பின்னால் ஆடியது.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. ஓடிப்போய் அவள் தலைமயிரைப் பிடித்துவிட்டேன். அறைந்தேன். துணியெல்லாம் சேற்றில் விழுந்தது. யாரைக் கொல்லப் பார்க்கிறே, போடாமலே போட்டாச்சுன்னு சொல்றியே, வாய் வேகுமா வேகாதா என்று கத்தினேன். மறுபடி அறைந்தேன். அந்தப் பெண், அக்கா அடிக்காதீங்க அக்கா, ரெண்டு கையிலும் துணி, வாய் பழக்கத்திலே சொல்லிடுச்சு என்று அலறியது. மேஸ்திரியம்மா வந்து பிரித்துவிட்டார். எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள், அப்படித்தான் இருப்பாள் என்று.

இஸ்திரி போடுகிற அண்ணன் மட்டும் அப்படிப் பார்க்கவில்லை. அவர் மேடைக்கு நேர் எதிரே என் அரைக்கதவு. எல்லோரும் போன பிறகு, பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். அவளை ஏம்மா அடிக்கிறே, அன்னைக்கு நீயும் இதே மாதிரிதானே போனே, ரெண்டு கையிலும் துணி, திரும்பாமலே சொன்னே, உள்ளேயிருந்து உன் பொண்ணு சரின்னா, இடுப்பாலே தள்ளிச் சாத்தியிருப்பே, கொண்டி விழுந்திருக்கும்னு நானும் குனிஞ்சு தேய்க்க ஆரம்பிச்சுட்டேன், எழுந்து வந்து பார்த்திருக்கணும், என் மேலேயும்தான் குத்தம், ஆனா நீயே வாய் திறப்பேன்னு ரெண்டு மாசமா பார்த்துக்கிட்டிருக்கேன் என்றார்.

எனக்குத் தெரியாத எதையும் அவர் சொல்லவில்லை அக்கா.

அன்றைக்கே எனக்குத் தெரியும். அவள் தோளைப் பிடித்துக் கேட்கும்போதே தெரியும். அவள் கவுனை எடுத்துக்கொண்டு வந்து கொண்டி போட்டாள், விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதற்கப்புறம் போனவள் நான். கடைசியாகப் போனவள் நான். போய்ப் பிழியும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன், ஒருத்தி தன் மாமியார் பல்செட்டு தொலைந்த கதையைச் சொன்னாள், அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். நான் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவன் வந்திருப்பான். என்னைத் தேடித்தான் வந்திருப்பான்.

அவனைத் தூக்கிப் போட்டபோது அவர் லாரியிலிருந்து இறங்கி ஓடி வந்து முதலில் கேட்டது, யாருடி கதவைத் தொறந்தது என்பதுதான். அப்போது அவர் கையைப் பார்த்தேன். பிறகு இவளைப் பார்த்தேன். குழந்தையை அவர் என்ன செய்துவிடப் போகிறார் என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த ஒரு நொடிதான். அதற்கப்புறம் தினமும் நானே தேடி எடுத்துச் செய்தது எல்லாம். வந்தவர்கள் முன்னால் அவளை நிறுத்தினேனே, அவள் சொல்லச் சொல்ல எனக்கும் அது நிஜம் மாதிரி ஆகிவிடும் என்று இருந்தேன். சில நாள் ஆனது கூட. அவள் சொல்லி முடித்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

இஸ்திரி அண்ணன் பேசின அன்றைக்கு மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். இவள் தரையில் கவிழ்ந்து படுத்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். எழுந்திரு என்றேன். நிற்கச் சொல்கிறேன் என்று நினைத்து வழக்கமான இடத்தில் போய் நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நீ உட்கார், நான் நிக்கறேன் என்றேன். புரியாமல் உட்கார்ந்தாள். அவள் முன்னால் நின்று சொன்னேன். நான்தான் கொண்டி போடலை, நீ போட்டே, எனக்குத் தெரியும், போடாம போட்டாச்சுன்னு சொன்னது நான், அதனாலே உன் தம்பி செத்துப்போயிட்டான் என்றேன். மூன்றாவது எனக்கும் வரவில்லை.

அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள், என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் விரலை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் வாய் திறந்தாள். அப்பாகிட்டயும் சொல்லுவியாம்மா என்று கேட்டாள்.

அடுப்பில் என்னவோ இருக்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை. அவள் பின்னாலேயே வந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் பயந்துபோயிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள் அக்கா. குழந்தைக்கு அது நன்றாகத் தெரியும். இந்த ரெண்டு மாசமாக அவளுக்கு வேறு எதுவும் தெரியாது.

சாயங்காலம் அவர் வந்தார். நான் அந்தப் பெண்ணை அடித்த கதையைக் கொட்டகை வாசலிலேயே யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். முகம் கழுவிக்கொண்டே, என்ன தகராறு என்றார். அவ கொண்டி போடாம போயிட்டா என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்தவர் நிறுத்தினார். கையிலே துணியோட போறப்ப நீங்கள்லாம் எப்படிடி கொண்டி போடறீங்க என்று கேட்டார். சும்மாதான் கேட்டார். கேட்டதற்கப்புறம் அவருக்கே ஏதோ தட்டின மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்னைக்கு அவ கவுன் எடுத்துட்டு வந்த பிறகு நீ வெளியே போகவே இல்லையா, கடைசியா யாரு போனது என்றார்.

இரண்டு மாசத்தில் முதல் தடவையாக அவர் அதைக் கேட்டார். என் நாக்கு நுனியில் இருந்தது. சத்தியமாக இருந்தது. வாயைத் திறந்தேன்.

அதற்குள் இவள் எழுந்து எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான்தான்ப்பா கடைசியா போனேன், அம்மா போகவே இல்லே என்றாள். நான் கொண்டி போடலை, அதனாலே தம்பி செத்துப்போயிட்டான், இனிமே நீங்க அம்மாவைக் கேக்காதீங்கப்பா என்றாள். மூன்றையும் தடுமாறாமல், திக்காமல் சொன்னாள். பிறந்ததிலிருந்து என் மகள் தெரிந்தே எனக்காகச் சொன்ன முதல் பொய். எங்கேயாவது என் பக்கம் திரும்பினாளா என்று பார்த்தேன், திரும்பவில்லை.

அவர் கை ஓங்கினார். இதுவரை அவளை அடித்ததில்லை. அடித்துவிட்டார் அக்கா. கன்னத்தில் ஒன்று. ஆடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், விழவில்லை. என் கண்ணு முன்னாலே நிக்காதே என்றார். அவள் தள்ளி நின்றாள்.

நான் என்ன செய்தேன் என்று நீ கேட்பாய். தட்டு வைத்தேன். சாப்பாடு போட்டேன். அவர் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டேன்.

அவர் திங்கட்கிழமை காலை ஓட்டத்துக்குப் போன பிறகு அவளைக் கூப்பிட்டு, ஏண்டி அப்படிச் சொன்னே என்று கேட்டேன். கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. உன்னை அடிச்சா உனக்கு வலிக்கும்மா என்றாள். உனக்கு வலிக்கலையா என்றேன். எனக்குப் பழகிடுச்சு என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள். ஏழு வயது அக்கா. என்னை மன்னிச்சிடுடி என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் அந்த நிமிஷமே மன்னித்துவிடுவாள். அதனால்தான் கேட்கவில்லை.

இப்போது மறுபடி கொஞ்சம் பேசுகிறாள், என்னோடு மட்டும். நான் அழுதால் தண்ணீர் கொண்டுவந்து தருகிறாள். யாராவது வாசலில் வந்தால் நான் கூப்பிடாமலே போய் நின்று மூன்றையும் சொல்லிவிட்டு வருகிறாள். வேண்டாம்டி என்று கையைப் பிடித்து இழுத்தால், பரவாயில்லேம்மா என்கிறாள். என்னைக் காப்பாற்றுகிறாளாம்.

இஸ்திரி அண்ணன் யாரிடமும் சொல்ல மாட்டார். நானே சொல்ல வேண்டும் என்று இருக்கிறார். எனக்குத் தெரியும் நான் சொல்ல மாட்டேன். மூன்று தடவை தனியாக இவள் அப்பா முன்னால் போய் நின்றேன். சட்டை பட்டன் விட்டுப்போச்சு என்றேன். எண்ணெய் தீர்ந்துபோச்சு என்றேன். மூன்றாம் தடவை, ஒண்ணுமில்லே என்றேன்.

அதனால் உன் காலில் விழுந்து கேட்கிறேன். நீ கிளம்பி வா. அத்தானைப் பார்த்துக்கொள்ள யாரையாவது ரெண்டு நாளைக்கு வை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருப்பார். நீ வந்ததும் முதலில் அவளைக் கூட்டிக்கொண்டு போய்த் தையல்காரம்மா வீட்டில் உட்காரவைத்துவிடு, கதவைச் சாத்திவிடச் சொல். அவள் இருந்தால் எனக்கு முன்னால் முந்திக்கொள்வாள். பிறகு திரும்பி வந்து அவர் எதிரில் நின்று என்னைக் கேள். யார் போடவில்லை என்று கேள். நான் வேறு பேச்சு பேசுவேன், விடாதே. உள்ளே போவேன், வழியை மறித்து நில். முன்பு கேட்ட மாதிரி கேள். கரண்டியை எடுத்தாலும் சரி.

கேட்டு முடித்த பிறகு இங்கே என்ன ஆனாலும் நீ நிற்காதே. நேரே அவளிடம் போ. அவள் துணியெல்லாம் மடித்து ஒரு பையில் வைத்திருக்கிறேன். எங்கே போறோம் பெரியம்மா என்று கேட்டால் பஸ்ஸில் ஏறின பிறகு சொல். ஜன்னல் ஓரம் உட்காரவை, அவளுக்குப் பிடிக்கும். அங்கே யார் வந்தாலும் அவளை எழுந்து நிற்கவிடாதே. என்னைப் பற்றிக் கேட்டால் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்.

அவள் வாய் ஓயாமல் பேசட்டும். பொய் பேசட்டும், திமிராகப் பேசட்டும், உன்னை எதிர்த்துப் பேசட்டும். நூறு வயசு பேசட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வா அக்கா.

உன் தங்கை